கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கிளோசியா, மேட்டா?

கீரிமலைக் கடற்கரைப் படத்தை 12×18 அங்குலத்தில அடிச்சு, யன்னலுக்கு எதிர்ச் சுவரில மாட்டப்போறன், எந்தக் கடதாசி எண்டு கேட்டிருந்தீங்கள். அந்தச் சுவருக்குக் கிளோசி, அதாவது பளபளக்கிற கடதாசி, வேண்டாம். படத்துக்குப் பதிலா யன்னல்தான் தெரியும். லஸ்டர் எடுங்கோ, கிளோசிக்கும் மேட்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய மினுக்கக் கடதாசி அது.

மினுக்கமில்லாத மேட் பருத்திக் கடதாசி வடிவுதான், மறுக்கேல்ல. ஆனா கறுப்பு ஆழமா இறங்காது. நல்ல லஸ்டரில 2.2 அளவுக்குப் போற கறுப்பின்ர அடர்த்தி (எண் கூடினால் கறுப்பும் ஆழம்), மேட்டில 1.6, 1.7 ஓட நிண்டுடும். ஈரப் பாறையின்ர நிழல் பக்கம் ஒரே சாம்பல் கட்டியாப் போயிடும். மேட்தான் வேணுமெண்டால், அந்தக் கடதாசிக்குரிய ஐசிசி புரொஃபைலை (அதில நிறம் எப்பிடி விழும் எண்டு சொல்லுற ஃபைல்) போட்டு சொஃப்ட் புரூஃப், அதாவது அடிக்கமுதல் திரையில முன்னோட்டம், பார்த்து, நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கோ.

இங்க்ஜெட் கடையில ரெண்டு கேள்வி கேளுங்கோ. சாம்பல் மை தனியா இருக்கோ? லஸ்டருக்கு ஃபோட்டோ பிளாக் மைதானே போடுறியள்? மேட் கடதாசிக்குரிய மேட் பிளாக் மையை லஸ்டரில போட்டால் மை ஊறாமல் விரலில பூசுப்படும். இங்க்ஜெட் இல்லாமல் கலர் லாப்பில, கலர்ப் படக் கடதாசியில அடிக்கிறதெண்டால் பச்சையோ மஜந்தாவோ மெல்லச் சாயம் ஏறலாம்; முதல்ல 4×6 இல ஒரு துண்டு அடிச்சு, பகல் வெளிச்சத்திலயும் வீட்டு எல்ஈடியிலயும் பாருங்கோ.

பிரேம் போடமுதல் ஒருநாள் காயவிடுங்கோ. படம் கண்ணாடியில முட்டக்கூடாது, ரெண்டுக்கும் நடுவில 2 மில்லிமீற்றர் மவுண்ட் அட்டை வையுங்கோ. மாரி ஈரலிப்புக்கு ஒட்டிச்செண்டால், கழட்டேக்க மைப்படையும் சேர்ந்து உரிஞ்சு வரும்.