எர்த்தை வெட்டினால் ட்ரிப் விழாது, ஆனால்...

காரைதீவிலிருந்து ஒரு தம்பி எழுதுகிறார்: "மூடிக்கிடந்த கேம் கடையொன்றில் அமெரிக்காவில் செய்த பழைய ஆர்கேட் மெஷின் வாங்கினேன். 120 வோல்ட் என்றபடியால் கடையில் ஸ்டெப்-டவுன் ஒன்று வாங்கிப் போட்டு, உள்ளே இருந்த பாரமான ட்ரான்ஸ்போமரைக் கழற்றிவிட்டேன். மொனிற்றர் தனியே எரிகிறது. கேம் போர்டின் வீடியோ வயரைச் செருகியதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. பிளக்கில் எர்த் வயரை வெட்டினேன், விழவில்லை. ஆனால் படம் நெளிகிறது, ஜொய்ஸ்டிக் தகட்டைத் தொட்டால் சுள்ளென்கிறது. என்ன செய்யலாம்?"

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள் தம்பி. மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம்.

மொனிற்றர் பிழையில்லை. நீங்கள் கழற்றிய அந்தப் பாரமான சாமான்தான் விஷயம். அந்தக் கால அமெரிக்க மொனிற்றர்கள் பலவற்றில் மொனிற்றர் போர்டின் 'கிரவுண்ட்' என்பது எர்த் அல்ல. கரண்ட் ஓடும் இடம். மெயின் கரண்டை நேரே டயோட்டில் பிடித்து டீசியாக்குவார்கள். அதை மெயினிலிருந்து பிரித்துப் பாதுகாப்பாக வைத்திருந்தது நீங்கள் கழற்றிய அந்த ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர். கடையில் விற்கும் ஸ்டெப்-டவுன் பலவும் ஒரே சுருளில் இடையில் வயர் எடுத்தவை. 230 வோல்ட்டை 120 ஆக்கும், ஆனால் மெயினிலிருந்து பிரிக்காது. ஆகவே வீடியோ வயரின் கிரவுண்ட் கேம் போர்டைத் தொட்டதும், கரண்ட் கெபினட் தகட்டின் வழியே எர்த்துக்கு ஓடியது. ட்ரிப் தன் வேலையைச் சரியாகவே செய்தது. 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழ வேண்டும் என்றுதான் அதைப் போடுகிறோம். நீங்கள் வெட்டியது கசிவு பாதுகாப்பாக ஓடும் வழியை.

உங்கள் ஸ்டெப்-டவுன் எந்த இனம் என்று பார்ப்பது லேசு. சுவரிலிருந்து கழற்றி, மீற்றரை ஓமில் வைத்து, ஒரு முனையை உள்வயரிலும் (கரண்ட் உள்ளே போகும் பக்கம்) மற்றதை வெளிவயரிலும் (120 வெளியே வரும் பக்கம்) பிடியுங்கள். பூச்சியமோ சில ஓமோ காட்டினால் அது பிரிக்காத இனம். இணைப்பே இல்லை என்று (OL) காட்டினால் பிரிக்கிறது.

பழைய ட்ரான்ஸ்போமர் இன்னும் இருந்தால் எறியாதீர்கள். ஆனால் அதன் உள்வயர் 120க்கு மட்டும் என்றால் 230இல் செருகக் கூடாது. உங்கள் ஸ்டெப்-டவுனுக்குப் பின்னால் மாட்டலாம். பிரிக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். எறிந்துவிட்டிருந்தால் வைண்டிங் கடையில் 230க்கு 120, தனித்தனிச் சுருள், 150 வீஏ என்று சொல்லிச் சுற்றச் சொல்லுங்கள். 19 அங்குல மொனிற்றருக்கு அது தாராளம். வெளிச்சுருளின் இரு முனையும் மொனிற்றருக்கு மட்டுமே, எர்த்துடன் சேர்க்காதீர்கள். மூன்று முள் பிளக்கின் எர்த்தைத் திரும்பப் போட்டு, கெபினட் தகடு, பவர் சப்ளை, கொன்ட்ரோல் பலகை எல்லாவற்றுக்கும் கொண்டுபோங்கள்.

எங்கள் கரையோர மணலில் எர்த் கம்பி இன்னொரு கதை. வெயில் காலத்தில் மேல்மணல் காய்ந்து கம்பி பெயருக்குத்தான் நிற்கும். ஈரமணல் வரை இறங்கியிருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

உள்ளே கை வைக்குமுன் ஒன்று: பிக்சர் டியூப்பின் ரப்பர் மூடிக்குக் கீழே 20,000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், பிளக் கழற்றினாலும். நீட்டுக் கைப்பிடி ஸ்குரூட்ரைவரில் வயர் கட்டி, மறுமுனையை டியூப்பைச் சுற்றியிருக்கும் பின்னல் கம்பியில் மாட்டி, மூடிக்குக் கீழே நுழைத்துத் தொடுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். டீசியைச் சீராக்கும் பெரிய பில்டர் கெபாசிற்றரிலும் 160 வோல்ட் அளவு நிற்கலாம், மீற்றரால் பாருங்கள். இதுவரை செய்ததில்லை என்றால், பழைய ரீவி திருத்துபவர் ஒருவரை அருகில் வைத்துச் செய்யுங்கள்.

ட்ரான்ஸ்போமரும் எர்த்தும் சரியானதோடு நெளிவும் போகலாம். போகாவிட்டால் வீடியோ வயரின் கிரவுண்ட் ஊசியைப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பிடித்திருக்கும், ஈயம் மோதிரம் போல வெடித்திருக்கும். சுரண்டி மறுபடி ஈயம் வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பில்டர் கெபாசிற்றர் பழுதாக இருக்கலாம். கேமின் படம் செக்கனுக்கு 60 தரம் அளவில் வருகிறது, எங்கள் கரண்ட் 50. அதனால் அந்தப் பழுது நின்று காட்டாமல் படபடவென்று துடித்துக் காட்டும்.

எல்லாம் பூட்டியபின், விளையாடுமுன், தகட்டுக்கும் எர்த்துக்கும் இடையே ஏசி வோல்ட் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும்.