டவரை விடுங்கள், அப்பாவின் இருமலைப் பாருங்கள்

தெருவில் மூன்று பேருக்குப் புற்றுநோய் வந்ததற்கும் உங்கள் தலைவலிக்கும் புதிதாக வந்த செல்போன் டவர்தான் காரணம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல், ஆளும் மெலிந்துவிட்டார் என்பது கடைசியில் ஒரே வரி. எனக்குக் கவலை தருவது அந்த வரிதான்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கட்டாயம் எடுக்க வேண்டும். காசநோயாக இருக்கலாம். பல வருடம் புகைபிடித்தவர் என்பதால் நுரையீரல் புற்றுநோய் இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். சளியில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கிய லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? அது காசநோய்க் கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும், அவ்வளவுதான். இருமல் குறைந்த மாதிரி இருக்கும், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகலாம்.

சரி, டவர். அந்த அலைகளுக்கு மரபணுவை உடைக்கும் ஆற்றல் கிடையாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் அவற்றைப் 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற '2பி' பிரிவில் வைத்தது உண்மை. சான்று குறைவு, சந்தேகத்தை முழுதாகத் தள்ளவும் முடியவில்லை என்பதே அதன் பொருள். உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியில் அது இல்லை. தெருவில் மூன்று பேருக்கு வந்திருப்பது மார்பகம், பெருங்குடல், வாய் என்று மூன்று வேறு வேறு புற்றுநோய்கள். டவர் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. இவை உருவாகப் பொதுவாகப் பல வருடங்கள் பிடிக்கும். உங்கள் தலைவலிக்கு, நள்ளிரவு வரை போனில் இதையே தேடிப் படிப்பதை நிறுத்திப் பாருங்கள்.

நம்மைக் கேட்காமல் வந்தது, கண்ணுக்குத் தெரியாதது என்றால் பயம் பெருகும். பழகிப்போன ஆபத்து உறைக்காது. பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் 1987-லேயே இதை விளக்கியிருக்கிறார். உங்கள் கடிதத்திலும் அதுதான் நடக்கிறது. தெருமுனையில் தினமும் பிளாஸ்டிக் குப்பையை எரிக்கிறார்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் புகையின் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போகும். வெளிக்காற்று மாசு புற்றுநோய் தரும் என்று அதே முகமை 2013-ல் உறுதியாகவே சொன்னது. டவருக்கு எதிராகக் கையெழுத்து வாங்குகிறீர்களே, அந்த மனுவைக் குப்பை எரிப்பதை நிறுத்தக் கேட்டு எழுதுங்கள்.

அப்புறம், நாளை காலை அப்பா எழுந்ததும் ஆழமாக இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியைக் கொடுக்கட்டும். வெறும் எச்சில் போதாது. முடிவு வரும்வரை அவர் முகக்கவசம் போடட்டும், அறை ஜன்னல் திறந்தே இருக்கட்டும். குப்பைப் புகை வரும் நேரம் மட்டும் மூடுங்கள்.