டேங்க் அழுத்த சென்சார்: மாற்றுவதற்கு முன் சோதிக்கச் சொல்லுங்கள்

கேள்வி: ஓசூரில் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். சில வாரங்களாகச் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஓட்டத்தில் குறை எதுவும் தெரியவில்லை. பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, பி 0452 என்று வருவதால் பெட்ரோல் டேங்கின் அழுத்த சென்சார் போய்விட்டது, டேங்கை இறக்கி மாற்ற வேண்டும் என்கிறார்கள். நண்பரோ டேங்க் மூடியை மாற்றினால் போதும் என்கிறார். எதைச் செய்வது?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மூடி சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் ஆவி கசிகிறது என்று பி 0455, பி 0457 போன்ற எண்கள்தான் பொதுவாக வரும். உங்களுக்கு வந்திருக்கும் பி 0452, சென்சாரின் மின்சுற்றில் வோல்டேஜ் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதைக் குறிப்பதால், மூடிக்குச் செலவழிக்க வேண்டாம். ஆனால் சென்சார்தான் பழுது என்றும் அந்த எண் சொல்லவில்லை. பட்டறையினர் இங்கே அவசரப்படுகிறார்கள் என்றே கருதுகிறேன்.

இந்த வகை சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று ஒயர்கள் இருக்கும்: ஒன்றில் எஞ்சின் கணினியிலிருந்து 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், மற்றொன்று அழுத்தத்துக்கேற்ப மாறும் சிக்னலைத் திருப்பி அனுப்பும். 5 வோல்ட் வராமல் போனாலும், சிக்னல் ஒயரின் மேலுறை உரிந்து பாடியில் உரசினாலும் இதே எண்தான் வரும். மாந்தோப்பை ஒட்டி வண்டி நிறுத்துபவர்கள், எலி கடித்த ஒயரை முதலில் தேடச் சொல்வது நல்லது. கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலும் சிக்னல் கெடும்.

ஆகவே மெக்கானிக்கிடம் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். முதலாவது, டேங்க் மூடியைத் திறந்துவைத்து, சாவியை ஆன் செய்து, ஸ்கேனரில் டேங்க் அழுத்தத்தைப் பார்ப்பது. உள்ளும் வெளியும் ஒரே அழுத்தமாகிவிடுவதால் அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அப்போதும் பெரிய வெற்றிடத்தைக் காட்டினால், இரண்டாவதாக, கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரால் 5 வோல்ட்டும் எர்த்தும் வருகின்றனவா என்றும், சிக்னல் ஒயர் பாடியில் ஷார்ட் ஆகியிருக்கிறதா என்றும் பார்ப்பது. ஒயர்கள் மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே பழி சென்சார்மேல் விழும். ஆவி சூழ்ந்த இடம் என்பதால் இவற்றை வீட்டில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

பல வண்டிகளில் இந்த சென்சார் டேங்கின் மேல்புறம் பம்புக்கு அருகே இருப்பதால், சில மாடல்களில் பின்சீட்டைத் தூக்கினாலே எட்டிவிடும். டேங்கை இறக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வண்டியை விடுங்கள். அதுவரை ஓட்டலாம், பெட்ரோல் வாடை வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள்.

வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடும், வேலைக்குப் பின் ஸ்கேனர் எண் குறித்த பில்லும் பழைய சென்சாரும் கேட்டு வாங்குங்கள். மாற்றிய பிறகும் அதே விளக்கு எரிந்து, பட்டறை கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம், பட்டறைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணமும் இல்லை.