தம்பிக்கு இன்னொரு கையெழுத்து?

கேள்வி: எதிர்வீட்டுத் தம்பி காசிமேட்டில் மீன் எடுத்துக் கடைகளுக்குப் போடுகிறார். அவருடைய லோடு ஆட்டோ கடனுக்கு வங்கியில் நான்தான் ஜாமீன். இப்போது இரண்டு தவணை நிற்கிறது. டாப்-அப் கடன் வாங்கிப் பழசை அடைக்கிறாராம், "இன்னொரு கையெழுத்து போடுக்கா" என்கிறார். மறுக்கலாமா? பழைய ஜாமீனிலிருந்து விலக முடியுமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: புதுக் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பழையதிலிருந்து நினைத்தபோது விலக முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. ‘முதலில் அவரைக் கேளுங்கள்’ என்று வங்கியிடம் சொல்ல முடியாது. நோட்டீஸ் கொடுத்து விலகுவதெல்லாம் ஓ.டி. போல எடுத்தும் கட்டியும் ஓடும் கணக்குக்கு. அதுவும் இனி எடுக்கப்போகும் பணத்துக்கு மட்டும்.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன். உங்கள் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும்; நாளை உங்களுக்கே கடன் கிடைப்பது கஷ்டம். எனவே இந்த வாரமே கிளைக்குப் போய்க் கணக்கு விவரம் கேளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு பாக்கி? தம்பியின் வாய்க்கணக்கு போதாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது நின்ற தவணை என்றால் ஒன்றை நீங்கள் கட்டலாம், ஒரே ஒரு முறை. (வருடா வருடம் வரும் தடைக்கு அவர் எடுத்துவைக்காதது வேறு விஷயம்.) பணத்தை அவர் கையில் தராதீர்கள், கைமாற்றாகிப் போகும். கடன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். ஜாமீன்தாரராகக் கட்டியதை 145-ஆம் பிரிவில் அவரிடம் திரும்பக் கேட்கலாம். மற்ற மாதங்களிலும் தவணை நின்றிருந்தால் தொழிலே ஆட்டம் கண்டிருக்கிறது. டாப்-அப் வந்தால் கடன்தான் பெருகும். வங்கி ஒப்புதலோடு ஆட்டோவை விற்று முடிக்கச் சொல்லுங்கள்.

டாப்-அப்புக்கு வங்கியில் ‘சம்மதக் கடிதம்’ நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களைக் கேட்காமல் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பிந்தைய பொறுப்பிலிருந்து விடுபட 133-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி பழைய பத்திரத்திலேயே பொடி எழுத்தில் இருக்கலாம். நகல் வாங்கிப் படியுங்கள். நோட்டீஸ் வந்தால் இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

தம்பியிடம், "ஏற்கெனவே ஒரு கையெழுத்து நிக்குது, இன்னொண்ணு போட மாட்டேன்" என்பதோடு நிறுத்துங்கள். வீட்டுக்காரர் திட்டுவார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் காலை அவர் உங்கள் வீட்டுக்காரர் முன்னால் வந்து நிற்பார்.