உழவர் கேள்வி பதில்: மரத்துக்கு எந்த இடம்?

கேள்வி: மூன்று ஏக்கரில் மானாவாரியாகவும், கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது பாய்ச்சியும் மரவள்ளி பயிரிடுகிறேன். மலைவேம்பு வைத்தால் நல்ல வருமானம் என்கிறார்கள். மரம் வைத்தால் பயிர் போய்விடும் என்று என் தந்தையார் தடுக்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், வாழப்பாடி

பதில்: தந்தையாரின் அச்சத்தைத் தட்டிக்கழிக்க வேண்டாம். மரவள்ளி வெயிலை விரும்பும் பயிர். நிழல் விழுந்தால் தண்டு நெட்டையாக ஓடும், கிழங்கு சிறுத்துவிடும். மூன்று மீட்டருக்கு ஒன்றாக மலைவேம்பு நட்டால் ஏக்கருக்கு நானூறுக்கும் மேற்பட்ட மரங்கள் நிற்கும். முதல் இரண்டு ஆண்டுகள் ஊடுபயிர் எடுக்கலாம், அதன்பின் நிழல் மூடிவிடும். அது வேகமாக வளரும் மரம் என்பது உண்மைதான், ஆனால் அந்த வேகம் தண்ணீரைப் பொறுத்தது. கோடையில் வற்றும் கிணற்றை நம்பி முழு நிலத்தையும் தோப்பாக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அதற்காக மரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கனமழை பெய்த மறுநாள் நிலத்தின் தாழ்ந்த மூலைக்குப் போய்ப் பாருங்கள். வரப்போரம் படிந்திருக்கும் வண்டல்தான் உங்கள் மேல்மண். கிழங்கைப் பிடுங்கும்போது மண் புரட்டப்படுவதால் மரவள்ளி நிலத்தில் இந்த அரிப்பு கூடுதல். அதைத் தடுக்கும் இடமான வரப்பிலிருந்தே தொடங்குங்கள். வரப்பில் நெருக்கமாகக் கிளைரிசிடியா வைத்தால், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கிளைகளைக் கழித்துத் தழையுரமாகப் போடலாம். அது காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணில் நிலைநிறுத்தும் மரம். இடையிடையே தேக்கு அல்லது குமிழ் நடலாம். கிழக்கு மேற்காக ஓடும் வரப்புகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். அங்கே நிழல் பெரும்பாலும் மரவரிசையின் மீதே நகரும். மரங்கள் பெருத்தபின் வேர் பயிருக்குள் வராதபடி, வரப்பை ஒட்டி நீளவாக்கில் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து விடுங்கள். மலைவேம்பு மீதுள்ள ஆசையைக் கிணற்றடியில் நாலு கன்று நட்டுச் சோதித்துப் பார்க்கலாம்.

பயிரோடு மரமும் வளர்க்கும் வேளாண் காடுகளுக்கென்று மத்திய அரசு 2014-இல் தேசியக் கொள்கை வகுத்தது. தமிழக அரசின் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கத்தில் கன்று பெற வட்டார வேளாண்மை அலுவலகத்தை அணுகுங்கள். நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் (கிராமத்தின் பயிர்ப் பதிவேட்டில்) மறவாமல் பதிவு செய்யுங்கள். பின்னாளில் வெட்டி விற்கும்போது, மரம் உங்களுடையது என்பதற்கு அந்தப் பதிவே துணை நிற்கும்.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் நிழல்மரம் முழுக்கச் சில்வர் ஓக். இதுவே போதுமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: சேர்வராயன் மலையில் காப்பி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மர நிழலில்தான் வளர்ந்து வருகிறது; சமவெளிக்காரர்கள் இன்று புதிதாகக் கேட்பதை நீங்கள் தலைமுறைகளாகச் செய்கிறீர்கள். சில்வர் ஓக் நேராக வளரும், மிளகுக்கொடி பற்றி ஏற அதன் பட்டை வசதியானது. ஆனால் ஒரே இன மரம் மட்டும் நின்றால் விலை விழும்போதும் நோய் வரும்போதும் தோட்டம் முழுதும் ஒருசேர அடிபடும். இடைவெளி விழும் இடங்களில் பலா, கல்யாண முருங்கை, ஆரஞ்சு ஆகியவற்றைச் சேருங்கள். கல்யாண முருங்கையும் தழைச்சத்து தருவது, மிளகுக்கும் கொழுகொம்பாகும். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்குத் தனி விதிகள் உள்ளதால், சில்வர் ஓக்கில் கை வைக்குமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.