நீலகிரியில் சிறு விவசாயிகள் ஏன் இயற்கை முறைக்கு மாறுகிறார்கள்? மண்ணின் மேல் உள்ள பாசமா?

பாசம் இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை, முதலில் வருவது கணக்கு. கேத்திப் பக்கம் அரை ஏக்கர் கேரட் போடுகிறவருக்கு உரக்கடைக் கடன்தான் பெரிய தலைவலி. தொழு உரம், பஞ்சகவ்யம் என்று போவதில் அந்தக் கடன் கொஞ்சம் குறைகிறது. மாடு இல்லாதவர் தொழு உரத்தையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அது வேறு கதை.

அடுத்தது சரிவு. ஒரு நல்ல மழைக்கு மேல்மண் ஓடைக்குப் போய்விடும்; போட்ட உரமும் அதோடு போகும். அதனால் சரிவுக்குக் குறுக்கே பாத்தி, வரப்பில் புல் என்பதையெல்லாம் யாரும் பிரசங்கம் செய்து விளக்க வேண்டியதில்லை.

நோயும் கட்டாயப்படுத்தும். 1961-இல் ஊட்டியில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு நூற்புழுவின் முட்டைக்கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கிழங்கையே திரும்பத் திரும்பப் போட்டால் அது பெருகும். நடுவில் கேரட், கோஸ், பீன்ஸ் என்று மாற்றினால் அடங்கும். இதைப் 'பயிர் சுழற்சி' என்பார்கள்; விவசாயிக்கு அது பிழைக்கும் வழி.

சரி, அப்படியானால் எல்லோரும் ஏன் மாறவில்லை? குத்தகை நிலம் ஒரு காரணம். அடுத்த வருடம் கையில் இருக்குமா என்று தெரியாத மண்ணை யார் தேற்றுவார்கள்? அப்புறம், இயற்கை விவசாயச் சான்றிதழ் வாங்க ஓராண்டுப் பயிர் என்றாலும் இரண்டு வருட மாற்றக் காலம் உண்டு. அதுவரை மேட்டுப்பாளையம் மண்டியில் எல்லாக் கேரட்டுக்கும் ஒரே விலைதான். பக்கத்துத் தோட்டக்காரர் மாறி, நஷ்டப்படாமல் இரண்டு போகம் எடுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பலரும் அசைகிறார்கள்.