விதை கேட்பவரிடம் ஆதார் கேட்கலாமா?

வணக்கம்.

எங்கள் ஊர் மாடித்தோட்டக்காரர்களுக்காக டெலிகிராமில் ஒரு குழு நடத்துகிறோம். 1,400 பேர் இருக்கிறார்கள். விதை பரிமாற்றம், பூச்சிவிரட்டி, செடிக்கு என்ன நோய் என்று கேட்பது, இவ்வளவுதான் பேச்சு. இரண்டு மாதம் முன்பு போலிப் பெயரில் வந்த ஒருவன் இரண்டு பெண்களுக்குத் தனியாக அசிங்கமான செய்திகள் அனுப்பிவிட்டான். இனி எல்லோரும் கூகுள் படிவத்தில் முழுப்பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, கைபேசி எண், ஆதார் படம் தர வேண்டும் என்று நிர்வாகிகள் முடிவு செய்தோம். நாற்பது பேர் அனுப்பியும்விட்டார்கள். ஆனால் பல பெண்கள் மறுத்து வெளியேறுகிறார்கள். “மடியில் கனம் இல்லாதவருக்கு வழியில் என்ன பயம்?” என்கிறார் சக நிர்வாகி. உங்கள் கருத்து?

க., திருச்சி

அன்புள்ள க.,

முதலில் அந்த இரண்டு பெண்கள். அந்தச் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. புகார் பதிய நிர்வாகிகளில் ஒருவர் கூட உட்கார்ந்து உதவ வேண்டும்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். இப்படி வருகிறவன் ஆதார் கேட்டால் தன்னுடையதையா அனுப்புவான்? யாருடையதோ ஒன்றை அனுப்புவான். படத்தைப் பார்த்து அசலா போலியா என்று சொல்ல உங்களுக்கும் வழியில்லை. உண்மையாக நிரப்பப்போவது கத்தரி விதை கேட்டு வந்த நல்ல மனிதர்கள் மட்டும்தான்.

தென் கொரியா இதை நாடளவில் செய்து பார்த்தது. இணையத்தில் வசவும் அவதூறும் பெருகியதால், 2007 ஜூலை முதல் பெரிய தளங்களில் எழுத வருகிறவர் யார் என்று சரிபார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு அங்கே தளங்கள் வழக்கமாகக் கேட்டது, நம் ஆதார் எண் போல அரசு ஒவ்வொருவருக்கும் தரும் 13 இலக்கக் குடியிருப்புப் பதிவு எண்ணை. அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இலக்கத்தைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். அப்படி எண்களை வாங்கிச் சேர்த்த தளங்கள் திருடர்களுக்குக் களஞ்சியமாகிவிட்டன. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் என்ற இரு தளங்களிலிருந்து மட்டும் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரம் திருடு போனது. நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 5 கோடிதான். கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். எண் கசிந்துவிட்டது என்பதற்காக அதை மாற்றிக்கொள்ள 2017 வரை அங்கே வழியே இல்லை. 2012 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாகச் செல்லாது என்றது. சட்டவிரோதப் பதிவுகள் சொல்லும்படியாகக் குறையவில்லை என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று.

அவ்வளவு பெரிய நிறுவனங்களே காப்பாற்ற முடியாததை, படிவத்தின் பதில்கள் போய்ச் சேரும் ஒரு கூகுள் தாள் (ஷீட்) காப்பாற்றுமா? சில ஆண்டுகளுக்கு முன் நான் சேர்ந்த ஒரு வாசிப்புக் குழுவிலும் இப்படி ஒரு படிவம் நிரப்பினோம். ஒருநாள் யாரோ அந்தத் தாளின் இணைப்பையே குழுவில் போட்டுவிட்டார்கள். திறந்தேன். பெயர், பிறந்த தேதி, கதவு எண், தெரு, கைபேசி எண். வரிசையாக இருநூறு பேர். என் வரிக்கு இரண்டு வரி கீழே, தனியாக வசிக்கும் ஒரு தோழி. அவள் பிறந்தநாளன்று இரவு பன்னிரண்டு மணிக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வாழ்த்து வந்தது, தெருப்பெயரோடு. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அவள் ஒரு வாரம் தன் வீட்டில் தூங்கவில்லை. உங்கள் குழுவிலிருந்து வெளியேறிய பெண்களை நான் சந்தேகப்பட மாட்டேன்.

மடியில் கனம் என்றாரே உங்கள் நண்பர், அதைத்தான் நானும் சொல்கிறேன். இந்தப் படிவத்தால் 1,400 பேருடைய கனத்தை உங்கள் மடியில் ஏற்றிக்கொள்கிறீர்கள். எந்த மடிக்கணினியில் அது இருக்கும்? நிர்வாகி மாறினால் அப்புறம் யார் கையில் போகும்?

நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது, அதைப் பயன்படுத்த வந்த பெண்ணும் சரி என்கிறார். அவர் சம்மதித்தாலும், அந்தச் சேவைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அதற்குப் பொருந்தாது. சட்டம் உங்கள் குழுவைக் கட்டுமா என்பது வேறு கேள்வி. அளவுகோல் நல்ல அளவுகோல்: இந்த வேலைக்கு இது வேண்டுமா?

செடியைப் பற்றிப் பேச ஒரு பெயர் போதும், புனைபெயரே ஆனாலும். விதை அனுப்ப முகவரி வேண்டும்தான்; அதை அனுப்புகிறவருக்கு மட்டும் தனியாகச் சொன்னால் போதும், பார்சல் சேர்ந்ததும் அழித்துவிடலாம். விக்கிப்பீடியாவில் கணக்கு தொடங்கப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போதும், மின்னஞ்சல்கூடக் கட்டாயமில்லை. அங்கே ஒழுங்கைக் காப்பதில் பெரும்பங்கு, திருத்தங்களை உட்கார்ந்து பார்க்கிற ஆட்களுக்கு. உங்களுக்கும் ஆட்கள்தான் வேண்டும். நிர்வாகிகளில் இரண்டு பெண்கள் இருக்கட்டும். தொல்லை என்றால் யாரிடம் சொல்வது என்று குழுவின் மேலே எழுதி வையுங்கள். புகார் வந்தால் அன்றைக்கே விசாரித்து நீக்குங்கள். கைபேசி எண்ணைப் பிறர் பார்க்காமல் மறைக்க டெலிகிராமிலேயே வசதி உண்டு. அதை எப்படிச் செய்வது என்று எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள்.

இன்று இரவே ஒரு வேலை. ஏற்கெனவே வந்த நாற்பது ஆதார் படங்களை அழியுங்கள். படிவத்தை நீக்கினால் மட்டும் போதாது. தாள் தனியாக இருக்கும், படங்கள் டிரைவில் வேறொரு கோப்புறையில் இருக்கும். குப்பைத்தொட்டிக்குப் போனதும் 30 நாள் அங்கேயே கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள். அப்புறம் நிர்வாகிகள் ஒவ்வொருவரின் கைபேசி கேலரியையும் பாருங்கள். முடித்துவிட்டு அந்த நாற்பது பேருக்கும் அழித்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள். வெளியேறியவர்களுக்கும் எழுதுங்கள்.